நட்டவர் உண்ணாத கனி

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அருமை நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள், நல்லோர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இன்றைய ஜும்ஆவில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மரம். காட்டில் நிற்கும் மரத்தைப் பற்றியோ, சாலையோர மரத்தைப் பற்றியோ அல்ல. நம் வீட்டு முற்றத்திலும் கொல்லையிலும் நிற்கின்ற, அல்லது நிற்க வேண்டிய, பழ மரத்தைப் பற்றியே பேசப் போகிறேன். தொழுகை, நோன்பு, ஜகாத் என்று பேச வேண்டிய மிம்பரில் மரத்துக்கு என்ன வேலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மண்ணறைக்குச் சென்ற பின்னும் நம் நன்மைக் கணக்கு மூடப்படாமல் இருக்க வழி தேடுகிறவர்கள் நாம். அந்த வழிகளுள் மிக எளிய ஒன்று, ஒரு குழியும் ஒரு கன்றும் ஒரு குடம் தண்ணீரும் மட்டுமே கேட்கிறது.

நட்டவருக்கு எழுதப்படும் நன்மை

ஒரு முஸ்லிம் ஒரு மரத்தை நட்டு, அல்லது ஒரு பயிரை விதைத்து, அதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாகக் கணக்கிடப்படுகிறது என்ற நற்செய்தியை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிமில் பதிவாகியுள்ள அறிவிப்பில் இன்னும் ஒரு படி மேலே சென்று, அம்மரத்திலிருந்து திருடப்பட்டதும் நட்டவருக்குத் தர்மமே என்று வந்திருக்கிறது.

சகோதரர்களே! இதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நாம் ஒருவருக்கு ரூபாய் கொடுத்தால், அதற்கு நிய்யத் வேண்டும். வாங்குகிறவர் யார் என்று நமக்குத் தெரியும். மரத்தின் தர்மமோ அப்படிப்பட்டதல்ல. நாம் உறங்கும்போது வௌவால் வந்து தின்றுவிட்டுப் போகிறது. நாம் தொழச் சென்றிருக்கும்போது அணில் கொறிக்கிறது. மக்தபுக்குப் போகும் பிள்ளைகள் கல்லெறிந்து நான்கு காய்களைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நாம் கம்பை எடுத்துக்கொண்டு துரத்துகிறோம்! துரத்துகிற அந்த நேரத்திலும் நம் ஏட்டில் நன்மை எழுதப்படுகிறது. இப்படி ஒரு வியாபாரம் வேறு எங்கே உண்டு?

இந்த ஹதீஸை நான் மிம்பரில் பலமுறை ஓதியிருக்கிறேன், பொருள் சொல்லியிருக்கிறேன். ஆனால் சொன்ன எனக்கே அது உள்ளத்தில் இறங்கவில்லை என்பதை ஒரு மரம்தான் எனக்கு உணர்த்தியது. வெட்கத்துடன் அதை உங்கள் முன் சொல்கிறேன். நம்மில் ஒருவருக்கேனும் பாடமாகட்டும்.

நான் வெட்ட நினைத்த மரம்

நான் காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்தவன். தென்னையும் வாழையும் மாவும் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் நீலகிரி மலையில் ஒரு பள்ளிவாசலில் பணியாற்றச் சென்றேன். பள்ளிக்குப் பின்புறம் இமாமுக்கென ஒதுக்கப்பட்ட சிறு வீடு. அதன் கொல்லையில், நான் அதுவரை கண்டிராத ஒரு மரம் நின்றது. ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியான இலைகள். இலையின் அடியில் பஞ்சு போன்ற சுணை. மலையில் பலரும் அதை லோக்காட் என்பார்கள். குளிர் தொடங்கும்போது வாசனையுள்ள வெண்ணிறப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். வேனில் தொடங்கும்போது, கோழி முட்டையைவிடச் சிறிய மஞ்சள் நிறப் பழங்கள் கொத்துக் கொத்தாகப் பழுக்கும். இனிப்பும் புளிப்பும் கலந்த சாறு. உள்ளே பளபளக்கும் பழுப்பு நிற விதைகள்.

அதன் ஒரு கிளை சுவரைத் தாண்டி அண்டை வீட்டுக் கூரைமேல் படர்ந்திருந்தது. அந்த வீட்டார் முஸ்லிமல்லாத சகோதரர்கள். காய்ந்த இலைகள் அவர்களுடைய தகரக் கூரையின் மழைநீர்க் குழாயை அடைத்தன. இரவெல்லாம் வௌவால் சத்தம். ஒரு மழைக்காலத்தில் அவர்கள் வீட்டு அறைக்குள் நீர் ஒழுகியது. வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "பாய், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று மரியாதையாகவே சொன்னார். நான் செய்யவில்லை. இரண்டாம் முறை வந்தபோது அவர் குரலில் கடுமை இருந்தது. மூன்றாம் முறை வார்த்தை தடித்தது. எனக்கும் கோபம் வந்தது. "கிளையை என்ன, மரத்தையே அடியோடு வெட்டிவிடுகிறேன், தொல்லை விட்டது" என்று சொல்லி, மறுநாளே மரம் வெட்டுகிறவரை வரச் சொல்லிவிட்டேன்.

அன்று மஃக்ரிபுக்குப் பின் எங்கள் பள்ளியின் முதிய மோதினார் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், வெட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதை விதை போட்டு வளர்த்தது உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த பெரிய ஹஜ்ரத். தினமும் ஒளூச் செய்யும் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து இதற்குத்தான் ஊற்றுவார். ஏழு வருடம் ஊற்றினார். மரம் முதல் பூ பூத்த வருடம் அவர் மௌத்தாகிவிட்டார். இதில் ஒரு பழத்தைக்கூட அவர் சாப்பிட்டதில்லை" என்றார்.

சகோதரர்களே! என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக அப்பழத்தை உண்டவன் நான். என் பிள்ளைகள் உண்டார்கள். மக்தபு மாணவர்கள் உண்டார்கள். ஒவ்வொரு பழமும் மண்ணறையில் உறங்கும் அந்த ஆலிமின் ஏட்டில் வரவாகிக்கொண்டிருந்தது. ஒரு கோபத்தில் நான் அந்தக் கணக்கை மூடப் பார்த்தேன்!

இன்னொரு தவறும் இருந்தது. அது பள்ளிவாசலின் வக்ஃபு நிலம். மரம் எனக்குச் சொந்தமல்ல. முத்தவல்லியின் அனுமதியின்றி ஒரு கிளையை வெட்டவும் எனக்கு உரிமையில்லை. வக்ஃபின் சட்டங்களைப் பாடமாகப் படித்தவன், கோபம் வந்தபோது அதையும் மறந்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

சுவரும் ஈச்ச மரமும்

மரத்தை வெட்டுவது தவறு என்று புரிந்தது. ஆனால் அண்டை வீட்டாரின் புகார்? அது நியாயமானது. மரம் தர்மம் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் வீட்டை நனைக்க நமக்கு யார் அனுமதி தந்தது?

நம் சட்ட நூல்கள் இதைத் தெளிவாகவே பேசுகின்றன. ஒருவருடைய மரக்கிளை அடுத்தவருடைய இடத்தின் மேல் படர்ந்தால், அதை அகற்றும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. மரத்துக்குரியவர் அகற்ற வேண்டும். அவர் மறுத்தால், அண்டை வீட்டார் கிளையை வளைத்துத் தம் எல்லைக்கு அப்பால் தள்ளலாம்; வளைக்க முடியாதபோது வெட்டவும் செய்யலாம். ஆனால் அக்கிளையிலுள்ள பழம் மரத்துக்குரியவருக்கே சொந்தம். கேட்காமல் பறிப்பது கூடாது. இருவருக்கும் உரிமை உண்டு, இருவருக்கும் எல்லையும் உண்டு.

சட்டம் இந்த அளவில் நிற்கிறது. சட்டத்துக்கு மேலே பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் தம் தோட்டத்துக்குச் சுவர் எழுப்பினார். சுவர் செல்லும் வழியில் வேறொருவருடைய ஈச்ச மரம் ஒன்று நின்றது. அந்த மரத்தைத் தமக்குத் தரச் சொல்லும்படி அவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். சுவனத்தில் ஓர் ஈச்ச மரம் கிடைக்கும், இதை அவருக்குக் கொடுத்துவிடுவீராக என்று நாயகம் (ஸல்) அவர்கள் மரத்துக்குரியவரிடம் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். இதைக் கேள்வியுற்ற அபுத்தஹ்தாஹ் (ரலி) அவர்கள், அந்த மனிதரிடம் சென்று தம்முடைய தோட்டத்தையே விலையாகக் கொடுத்து அந்த ஒற்றை மரத்தை வாங்கி, நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அபுத்தஹ்தாஹுக்குச் சுவனத்தில் எத்தனையெத்தனை கனி தாங்கிய ஈச்சங்குலைகள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் கூறி மகிழ்ந்தார்கள். பின்னர் அபுத்தஹ்தாஹ் (ரலி) தோட்டத்துக்குச் சென்று, தோட்டத்தை விட்டு வெளியே வரும்படி தம் மனைவியை அழைத்தார்கள். சுவனத்து மரத்துக்காக இதை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த அம்மையார் அழவில்லை, சண்டையிடவில்லை. இலாபமான வியாபாரம் என்று சொல்லி வெளியேறினார்கள். அஹ்மதில் பதிவான செய்தி இது.

சுவருக்கும் மரத்துக்கும் இடையே வந்த வழக்கில் ஒருவர் சுவனத்தையே வாங்கினார். அதே போன்ற வழக்கில் இன்று அண்ணன் தம்பியர் நீதிமன்றப் படியேறுகிறார்கள். ஒரு மாங்கிளைக்காகப் பெருநாள் அன்றும் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இல்லையா?

நான் முத்தவல்லியிடம் அனுமதி பெற்றேன். அண்டை வீட்டாரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். "இந்த வருடம் காய் இருக்கிறது, பழுத்து முடியட்டும், கிளையை எடுத்துவிடுகிறேன். அதுவரை உங்கள் மழைநீர்க் குழாயை வாரந்தோறும் நானே சுத்தம் செய்கிறேன்" என்றேன். அப்படியே செய்தேன். முதல் கூடைப் பழத்தை ஜமாஅத்தாரின் சம்மதத்துடன் அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். அண்டை வீட்டாரின் உரிமை மார்க்கம் பார்த்து வருவதல்ல.

துன்யாவின் பெயர் தாங்கிய கனி

அதன் பிறகுதான் அந்த மரத்தைப் பற்றி அறியும் ஆவல் எனக்கு ஏற்பட்டது. சீனாவின் தென்பகுதியைத் தாயகமாகக் கொண்டது இது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானில் வளர்க்கப்படுகிறது. 1784இல் பாரிஸுக்கும், 1787இல் இலண்டன் கியூ தோட்டத்துக்கும் கொண்டு செல்லப்பட்டது. இன்று ஸ்பெயினிலும் துருக்கியிலும் ஷாம் தேசத்திலும் பாகிஸ்தானிலும் நம் நாட்டின் வடபகுதியிலும் விளைகிறது. ஆப்பிளுக்கும் பேரிக்கும் இது உறவு. துருக்கியர் இதை 'யெனிதுன்யா' என்கிறார்கள். புதிய உலகம் என்பது பொருள். சிரியா, லெபனான் மக்கள் 'அக்கிதின்யா' என்பர். பெயரிலேயே துன்யா இருக்கிறது! ஆனால் நட்டவர் அதைத் துன்யாவில் உண்ணவில்லை. ஆகிரத்தில் உண்ணுகிறார், இன்ஷா அல்லாஹ்.

துன்யாவின் காரியத்தை அதற்குரிய அறிவுடன் செய்ய வேண்டும் என்பதும் நம் மார்க்கம் கற்பித்ததே. மதீனத்து மக்கள் ஈச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்த்து வந்தார்கள். அது தேவையில்லையோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கருத்துச் சொல்ல, அவர்கள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கறிவீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். முஸ்லிமில் வரும் இச்செய்தியை உணர்ந்த நம் முன்னோர், வேளாண்மையைக் கல்வியாகவே வளர்த்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் இஷ்பீலியா நகரத்து இப்னுல் அவ்வாம் அவர்கள் எழுதிய கிதாபுல் ஃபிலாஹா என்ற நூல் 585 தாவரங்களைப் பேசுகிறது. அவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை பழ மரங்கள். ஆகவே அறிந்தவரைக் கேட்டு நடுங்கள். தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். அனுபவமுள்ள தோட்டக்காரரிடம் கேளுங்கள்.

நான் கேட்டறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லோக்காட் மலைவாழ் மக்களுக்குரிய மரம். வெப்பம் மிகுந்த சமவெளியில் நட்டால் இலைவிட்டு வளரும், காய்ப்பது அரிது. விதை உலர்ந்தால் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பழம் தின்ற கையோடு விதைக்க வேண்டும். விதையில் முளைத்த மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்; ஒட்டுக்கன்று விரைவில் காய்க்கும். வேரடியில் நீர் தேங்கக் கூடாது. கிளை நுனியில்தான் பூங்கொத்து வரும். ஆதலால் அறுவடை முடிந்த உடனே கவாத்துச் செய்ய வேண்டும். பூக்கும் பருவத்தில் வெட்டினால் அவ்வருடப் பழம் போய்விடும். கொத்தில் பிஞ்சுகள் நெருக்கமாக இருந்தால் சிலவற்றைக் கிள்ளிவிட்டால் மீதி பெருக்கும். தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இதன் விதையைப் பிள்ளைகள் கடித்து மெல்லக் கூடாது, அதில் நச்சுத்தன்மை உண்டு. சதையை உண்டு விதையை எறிந்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் எதை நடுவது?

சமவெளியில் வாழும் சகோதரர்கள் லோக்காட்டுக்கு ஏங்க வேண்டியதில்லை. அவரவர் மண்ணுக்கு அல்லாஹ் தந்தது அவரவருக்குப் போதும். திருக்குர்ஆன் பெயர் சொல்லும் மாதுளை நம் செம்மண்ணிலும் வளர்கிறது. எட்டு, பத்து அடி இடமிருந்தால் ஒரு மாதுளை. பதினைந்து அடி இருந்தால் எலுமிச்சை அல்லது பதியன் கொய்யா. இருபத்தைந்து, முப்பது அடி இருந்தால் ஒட்டுச் சப்போட்டா, ஒட்டு மா. இடமே இல்லாதவர்கள் ஒரு பப்பாளி வைக்கலாம். ஓராண்டுக்குள் பழம் தரும். பதியன் கொய்யா இரண்டு, மூன்று ஆண்டுகளில் காய்க்கும். ஒட்டு மா நான்கு, ஐந்து ஆண்டுகளில் காய்க்கும்.

குழியை முன்கூட்டியே வெட்டி வெயிலில் ஆறவிடுங்கள். மாவுக்கு மூன்றடி ஆழமும் அகலமும். சிறு மரங்களுக்கு இரண்டடி போதும். மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே முளைப்பதைக் கிள்ளிவிடுங்கள். சுவருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் அருகே பெரிய மரம் வேண்டாம். நடும் அன்றே அண்டை வீட்டாரை நினைத்துக்கொண்டால், இருபது ஆண்டு கழித்து வரும் சண்டை இன்றே தீர்ந்துவிடும்.

தண்ணீர் இல்லையே என்பீர்கள். ஐவேளை ஒளூச் செய்யும் தண்ணீர் எங்கே போகிறது? மாஉல் முஸ்தஃமல் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் அந்த நீரால் மறுமுறை ஒளூச் செய்ய முடியாது. ஆனால் மரம் அதை மறுக்காது. பள்ளிவாசல் ஹவ்ளின் கழிவு நீரைச் சாக்கடைக்கு விடாமல் இரண்டு தென்னைக்கும் ஒரு மாவுக்கும் திருப்பிவிடலாமே!

வளைகுடாவில் வியர்வை சிந்திச் சம்பாதித்து வீடு கட்டும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். வாங்கிய மனை முழுவதையும் கட்டடமாக்கி, எஞ்சிய ஓரத்துக்கும் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். நீங்கள் திரும்பிவர ஆண்டுகள் ஆகும். அதுவரை உங்கள் பிள்ளைக்கு நிழலும் பழமும் தர ஒரு மரத்துக்கு நான்கடி மண்ணை விட்டுவையுங்கள்.

பறிக்கும் நாளில்

கனி கனியும்போது உண்ணுங்கள், அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்கு உணர்த்துகிறான். ஷாஃபி மத்ஹபில் பழங்களுள் ஈச்சம்பழத்துக்கும் திராட்சைக்குமே ஜகாத். ஹனஃபி மத்ஹபிலும் வீட்டுக்குள் நிற்கும் மரத்துக்கு உஷ்ரு இல்லை. ஆனால் ஜகாத் இல்லை என்பதால் கொடுக்கவே வேண்டியதில்லை என்று பொருளல்ல. ஏழைகள் வருவதற்கு முன் அதிகாலையில் பறித்துவிடத் திட்டமிட்ட தோட்டக்காரர்களின் தோட்டம் ஒரே இரவில் கருகிப்போன வரலாற்றை அல்கலம் அத்தியாயம் நமக்குச் சொல்கிறது. அவர்கள் பிறர் பொருளைத் திருடவில்லை. தங்கள் பொருளைத் தாங்களே உண்ண நினைத்தார்கள். அந்த எண்ணமே அவர்களுக்கு ஆபத்தானது.

விற்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பூ விழுமுன்னே மரத்தின் காயை விலை பேசிப் பணம் வாங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. பழம் பக்குவப்படும் அடையாளம் தெரியுமுன் விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அல்லாஹ் அவ்வருடம் கனியைத் தடுத்துவிட்டால், வாங்கியவரின் பணம் எந்த அடிப்படையில் நமக்கு ஹலாலாகும்?

முடிவாக

சகோதரர்களே! கியாமத் நாள் வந்துவிட்ட நேரத்திலும் கையில் ஒரு கன்று இருந்தால், நட முடிந்தால் நட்டுவிட வேண்டும் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். கியாமத் நாளில் நட்ட கன்று எப்போது காய்ப்பது? யார் உண்பது? நடுவது நம் கடமை. கனி தருவது அவன் அதிகாரம். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் அடிமைத்தளை அறுபட முந்நூறு ஈச்சங்கன்றுகள் தேவைப்பட்டபோது, தோழர்கள் கன்று கொண்டுவந்தார்கள்; நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். நம் கைகள் அதைவிட உயர்ந்தவையா?

அந்த லோக்காட் மரம் இன்றும் நிற்கிறது. சுவரைத் தாண்டிய கிளை இல்லை. கிளையை எடுத்த ஆண்டில், பள்ளிவாசல் மரத்து விதையில் முளைத்த கன்று ஒன்றை அண்டை வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் போனார். தம் வீட்டுக் கொல்லையில், சுவரிலிருந்து பத்தடி தள்ளி நட்டிருக்கிறார். இன்னும் காய்க்கவில்லை. காய்க்கும்போது நான் அந்த ஊரில் இருப்பேனா, இந்த உலகில் இருப்பேனா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

இன்று தொழுகை முடிந்து வீட்டுக்குச் சென்றதும், முற்றத்தில் ஓரிடத்தைப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அவர்கள் கையாலேயே ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள். உங்கள் தாய் தந்தையர் மௌத்தாகியிருந்தால், அவர்களுக்காக என்று நிய்யத் செய்து நடுங்கள். பழம் பழுக்கும்போது முதல் பழத்தைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

வல்ல நாயன் நாம் நடும் ஒவ்வொரு கன்றையும் நமக்கு நிலையான தர்மமாக ஆக்குவானாக! நமக்கு முன்னே நட்டுச் சென்றவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக! அண்டை அயலாரின் உரிமை பேணி வாழும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததிக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.